மச்சம் வராத வளவு

என் அப்பாவும் அம்மாவும் படுத்தெழும்பிக்கொண்டிருந்த அறையில்தான் நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது என்று அதிபர் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"உம்மடை ஆக்களுக்கு ஏதும் ஒழுங்கு பாத்திட்டீரோ?"

"பாத்துக்கொண்டிருக்கிறன் சேர்," என்றேன். அதுவரை நான் ஒன்றும் பார்த்திருக்கவில்லை.

நாங்கள் குருநகர். கடற்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் ஊர் முழுவதும் எழும்பிவிட்டது. சிலர் கோயில்களுக்குப் போனார்கள், சிலர் சொந்தக்காரரிடம் போனார்கள். எங்களுக்கு வலிகாமத்தில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் நடுவே ஒரு பாடசாலையில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அது ஒன்றுதான் எங்களுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த உறவு. நான் படிப்பிக்கும் பாடசாலைக்கே என் பெற்றோரை அகதிகளாகக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

எட்டாம் வகுப்பு அறையில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். குறுக்கே சேலைகளைக் கட்டிப் பிரித்திருந்தோம். அப்பா தன் சீவியத்தில் ஒரு வகுப்பறைக்குள் இருந்தது அந்த ஐந்து கிழமைதான். முதல் நாள் வாங்கில் இருக்க மாட்டேன் என்று நிலத்தில் குந்தினார். "பிள்ளையள் இருக்கிற இடம்," என்றார். பிறகு பழகிவிட்டது. கரும்பலகையில் நான் முந்திய தவணையில் எழுதிய வட்டத்தின் பரப்பளவு அழிபடாமல் கிடந்தது. வந்து போகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "உது இவன் எழுதினது," என்று சொல்லுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அம்மா கொடி கட்டுவதற்கு அந்தப் பலகையின் சட்டத்தில் ஆணி அடிக்கப் போனபோது சண்டை பிடித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும், எந்தக் கந்தோருக்குப் போவதென்றாலும், அது என் வேலை. வீடு தேடுவதும் என் வேலையாயிற்று. அது எப்படிச் செய்கிற வேலை என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் யாரும் வீடு தேடியதை நான் கண்டதில்லை. பிறந்த வீட்டில் இருப்பார்கள், பிறகு கலியாணம் கட்டின வீட்டில் இருப்பார்கள்.

அந்தப் பகுதியில் பாடசாலைக்கு வெளியே எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர், சந்தியில் சைக்கிள் திருத்துகிறவர். பெற்றோல் இல்லாத காலம், ஊரெல்லாம் சைக்கிளில் போனதால் அவருக்குத் தெரியாத வீடுவளவு இல்லை. நான் ஒரு கொப்பியில் தலைப்புப் போட்டு, கோடு கீறி, வீட்டு விபரம் எழுத ஆயத்தமாகப் போய் நின்றேன்.

"மாஸ்ரர், முதல் அந்தக் கொப்பியை உள்ளுக்கை வையுங்கோ," என்றார். "கொப்பியோடை படலையிலை நிண்டியளெண்டால், விதானையார் ஆள்கணக்கு எடுக்க வாறார் எண்டு சனம் பின்கோடியாலை ஓடிப்போயிடும்."

கொப்பியை வைத்துவிட்டுப் போனேன்.

முதல் வீட்டில் ஒரு அம்மா யன்னலுக்குள்ளால் பேசினார். எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். "ஓ," என்றார். பிறகு, "குருநகரிலை எந்தக் கோயிலடி?" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவரின் கோயிலடியைத் தெரிந்துகொண்டால் சாதி, தொழில் என்று மிச்சத்தைக் கேட்கத் தேவையில்லை. எங்கள் தேவாலயத்தின் பெயரைச் சொன்னேன். "அறை இருக்குத்தான் தம்பி. ஆனா மகளின்ரை ஆக்கள் கொழும்பிலையிருந்து வரப்போயினம்," என்றார். கொழும்புப் பாதை பூட்டி இரண்டு மாதமாகியிருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் என்னை இருத்தி நல்ல தேத்தண்ணி ஒன்று தந்துதான் அனுப்பினார்.

இரண்டாவது வீட்டுக்காரர் கந்தோர் வேலையில் இருந்து இளைப்பாறிய பென்சன்காரர். என்னை அவருக்குப் பிடித்துவிட்டது. எந்தப் பாடம், எங்கே படித்தேன் என்றெல்லாம் விசாரித்தார். அறையைத் திறந்து காட்டினார். மேசை, கதிரை, கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலுமாரி.

"மாஸ்ரர் தனிய எண்டால் நாளைக்கே வரலாம்," என்றார். "அப்பா அம்மாவை உங்கடை கோயிலிலை விடலாம்தானே. சுவாமிமார் நல்லாய்ப் பாப்பினம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் படலையைச் சாத்துவதற்கு முன் அந்த அலுமாரியை இன்னொருதரம் திரும்பிப் பார்த்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை அப்படியே அலைந்தேன். சைக்கிள்காரர் கடைசியாக ஒரு இடம் சொன்னார். "கேணி தாண்டி மூண்டாவது ஒழுங்கை. புது வீடு, பாதியிலை நிக்குது. மகனுக்கெண்டு கட்டத் தொடங்கினது. தேப்பன் தாய் பக்கத்திலை பழைய வீட்டிலை இருக்கினம். ஆனா மனுசி லேசிலை ஒருத்தருக்கும் குடுக்காது. கேட்டுப் பாருங்கோ."

நான் போனபோது அந்த அம்மா ஓலை வேய்ந்த மால் ஒன்றின் நிழலில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை நிற்கச் சொல்லாமலும் இருக்கச் சொல்லாமலும் கைவேலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பள்ளிக்கூடத்து மாஸ்ரரோ?"

"ஓம் அம்மா."

"சைவமோ, வேதமோ?"

"வேதம்," என்றேன். கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள்.

"ஆர் ஆர் இருப்பியள்?"

"அப்பா, அம்மா, நான்."

"அப்பா என்ன செய்யிறவர்?"

மூன்று நாட்களாகக் கேட்ட கேள்விதான். அன்று என் வாய் தானாகவே திரும்பிவிட்டது. "இப்ப ஒண்டும் செய்யிறேல்லை அம்மா. வருத்தக்காரன்."

அப்பாவுக்கு என் அறிவுக்கு ஒரு நோய், ஒரு தடிமன்கூட வந்ததில்லை. கடலுக்குப் போக முடியாமல் வகுப்பறைக்குள் அடைபட்டிருந்தார், அவ்வளவுதான்.

அந்த அம்மா ஒரு பிடியைக் கட்டி முடித்து ஓரமாக வைத்தார். முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். "வீட்டிலை யன்னலுக்குக் கதவு இல்லை. சாக்குத்தான் கட்டிக் கிடக்கு. சுவர் பூசேல்லை. குசினி வெளியிலை, ஓலைக் கொட்டில். அதுக்குச் சம்மதமெண்டால் இருங்கோ. ஏலுமானதைத் தாங்கோ. ஆனா ஒரு சொல்லுத்தான் தம்பி. இந்த வளவுக்குள்ளை மச்சம் வரக்கூடாது. சமைக்கவும் கூடாது, கொண்டரவும் கூடாது."

மீனோ இறைச்சியோ எதுவும் கூடாது என்பதுதான் அதன் பொருள். "ஓம் அம்மா. வராது," என்றேன்.

"சொல்லிப்போட்டுப் பேந்து மாறக்கூடாது."

"மாறமாட்டம்."

"நாளைக்குச் சனிக்கிழமை. குடிபூரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலமை வாங்கோ," என்றுவிட்டு அடுத்த பிடியை எடுத்தார்.

சைக்கிளை உழக்கிக்கொண்டு திரும்புகையில் வீடு கிடைத்த சந்தோசம் சந்தி வரைக்கும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்தான் கூட வந்தது. நீங்கள் வரலாம், உங்கள் மணம் வரக்கூடாது என்றுதானே இதற்குப் பொருள் என்று நினைத்தேன். யன்னலுக்குள்ளால் பேசியவர் கோயிலடியைக் கேட்டார். இளைப்பாறியவர் பெற்றோரைக் கோயிலில் விடச் சொன்னார். இவர் மச்சம் கூடாது என்கிறார். மூன்றும் ஒரே கதவுதான் என்று எனக்குப் பட்டது. கேட்டுத் தெளிந்திருக்கலாம். கேட்டால் வாயால் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் கேட்காமல் வந்துவிட்டேன்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்லுவது? ஊரில் அப்பா ஒரு நாளும் மீன் இல்லாமல் சோறு தின்றவரில்லை. ஆனால் அது பெரிய காரியமில்லை, வகுப்பறையில் ஐந்து கிழமையும் பருப்பும் சோறும்தான். "மீன் மணக்கிற ஆக்கள் எண்டு சொல்லாமல் சொல்லுறாளோ? அப்பிடி ஒரு வீடு எங்களுக்குத் தேவையில்லை," என்று எழும்பிவிடுவார் என்றுதான் பயந்தேன். திங்கட்கிழமைக்கு முன் வேறு வீடு கிடைக்காது. குடிபோய் இருந்த பிறகு, என் அம்மாவைக் கொண்டு மெல்லச் சொல்லுவிக்கலாம் என்று முடிவு செய்தேன். வீடு கிடைத்துவிட்டது, ஞாயிறு போகிறோம், இன்ன ஒழுங்கை என்று மட்டும் சொன்னேன்.

அப்பா எழும்பி நின்று சாரத்தை உதறிக் கட்டினார். "நல்ல சனமோ?"

"நல்ல சனம்."

"தோட்டக்காரரோ?"

"ஓம் அப்பா. வெங்காயம்."

அவர் ஏதோ யோசித்தார். சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் சைக்கிளைக் கேட்டார். ஒரு அலுவல், நாளைக்குப் பூசைக்கு முதல் வந்துவிடுவேன் என்றார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "கூட்டாளி ஒருத்தனைப் பாக்கவேணும்," என்றார். போய்விட்டார்.

ஞாயிறு பூசை முடிந்தும் அவர் வரவில்லை. அம்மா செபமாலையைக் கையில் சுற்றியபடி பாடசாலைப் படலையிலேயே நின்றார். "வழியை அந்தாளுக்குச் சொன்னனியோ?" என்று என்னை நாலைந்து தரம் கேட்டார். கடைசியில் சைக்கிள்காரரிடம் ஒரு சைக்கிளை வாங்கி, பாய்களையும் சட்டி பானையையும் பெட்டியையும் அதில் கட்டி, நான் உருட்ட அம்மா பின்னால் பிடித்துக்கொண்டு வர, புறப்பட்டோம்.

மூன்றாவது ஒழுங்கை முகப்பில் அப்பா எங்களுக்காகக் காத்து நின்றார். முழுக்க நனைந்து காய்ந்த சாரம், உப்புப் பூத்த கால்கள், சிரித்த முகம். சைக்கிள் காண்டிலில் ஒரு பனையோலைப் பறி தொங்கியது. பறியைப் பார்க்கும் முன்பே எனக்கு மணம் வந்துவிட்டது.

"பாசையூர்ப் பக்கம் போனன்," என்றார் அம்மாவிடம். "வள்ளமொண்டும் இறக்க ஏலாது. விடியக்காலமை இடுப்பளவு தண்ணியிலை நிண்டுதான் வலை வீசினது. மேலை ஹெலி வரேக்கை தண்ணிக்குள்ளை தாண்டுபோய்க் கிடந்தம். ஒரே ஒரு கொடுவாதான் பட்டது. ஆனா ஆளைப் பார்."

பறியின் வாயை விலக்கிக் காட்டினார். ஒரு முழத்துக்குக் கூடுதலான கொடுவாய் மீன். செவிள் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அப்பா, உது..." என்றேன்.

"உனக்கில்லை, ஆசைப்படாதை. வீட்டுக்கார அம்மாவுக்கு. புதுசாய் ஒரு வீட்டு வாசலுக்குப் போறம், கையை வீசிக்கொண்டோ போறது?"

"அதில்லை அப்பா. அவை..."

"வாங்கோ மாஸ்ரர், வாங்கோ," என்று படலையில் இருந்து ஒரு ஆண்குரல் வந்தது. வீட்டுக்காரர். தோட்டத்து மண் காயாத காலோடு எங்களை எதிர்கொள்ள ஒழுங்கைக்கே வந்துவிட்டார். பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் அம்மா. நான் சைக்கிளோடு கடைசி. நாலு எட்டு ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்திருக்கலாம். பாய்க்கட்டு சரிந்தது, அதைப் பிடித்தேன்.

பூசாத அந்த வீட்டின் வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். வாழையிலையில் அரிசி பரவி, அதன்மேல் செம்பு, மாவிலை, தேங்காய், பக்கத்தில் குத்துவிளக்கு. எங்களுக்காக. வேதக்காரருக்கு நிறைகுடம் வைப்பதோ என்று அவர்கள் யோசித்திருக்கலாம், ஆனாலும் வைத்திருந்தார்கள். அந்த அம்மா துவைத்த சேலையோடு, தலை முழுகிய ஈரத்தோடு வாசலில் நின்றார்.

அப்பா இரண்டு கையாலும் பறியைக் கொண்டுபோய் நிறைகுடத்துக்குப் பக்கத்தில், வாழையிலையில் முட்ட வைத்தார். "தங்கச்சி, உங்களுக்குத்தான். விடியத்தான் பட்டது," என்றார்.

பறி சரிந்து கொடுவாயின் வால் வெளியே வந்தது.

அந்த அம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏசவில்லை. திரும்பிப் பழைய வீட்டுக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்துவிட்டார். சேலைத் தலைப்பின் ஓரம் மட்டும் தெரிந்தது.

அப்பா குழம்பிப்போய் நின்றார். "என்ன, பழசு எண்டு நினைச்சாவோ?"

"நான் அப்பாட்டைச் சொல்லேல்லை ஐயா," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா மச்சம் வரக்கூடாது எண்டு சொன்னவ. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"என்ன சொல்லேல்லை?" என்றார் அப்பா.

வீட்டுக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அவ பிறவிச் சைவமில்லை அண்ணை," என்று அப்பாவிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல. "முந்தி மீனெண்டால் எனக்குத் தலைகூட மிச்சம் வைக்கமாட்டா. பொடியன் வெளிநாட்டுக்கெண்டு வெளிக்கிட்டு எட்டு மாசம். எங்கை நிக்கிறான், போய்ச் சேந்தானோ, ஒண்டும் தெரியாது. அவனுக்கு மீனெண்டால் உயிர். அவன்ரை கையெழுத்திலை ஒரு காயிதம் வருமட்டும் இந்த வளவுக்கை மச்சம் வராது எண்டு ஆஞ்சநேயரிட்டை நேந்துபோட்டு இருக்கிறா. ஆரும் கேட்டால் காரணம் சொல்லமாட்டா. சொன்னால் அழுதிடுவா."

இரண்டு நாட்களாக நான் மனதுக்குள் அந்த அம்மாவோடு நடத்திய வழக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

அப்பா குனிந்து பறியை எடுத்து, வாழையிலையில் ஒட்டியிருந்த செதில் ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்து அதற்குள் போட்டார். படலைக்கு வெளியே கொண்டுபோய் ஒழுங்கையில் வைத்துவிட்டு வந்தார். "பாயை அவிழ்க்காதை," என்றார் என்னிடம். "பள்ளிக்கூடத்துக்கே போவம்."

"நாளைக்கு அங்கை பிள்ளையள் வாறாங்கள் அப்பா."

"தெரியும். மரத்துக்குக் கீழை இருப்பம்."

அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். செபமாலை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

போவதற்கு முன் அப்பா பழைய வீட்டின் படியடிக்குப் போனார். படியில் ஏறவில்லை. அந்தச் சேலைத் தலைப்பைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி. கொண்டந்தது நான். அறியாமல் கொண்டந்தன். உங்கடை நேத்தியிலை இது விழாது. விழுந்தால் என்ரை தலையிலை விழட்டும். உங்கடை பிள்ளையின்ரை காயிதம் வருமட்டும் நானும் மீன் தொடமாட்டன். மாதாவாணை."

அப்போதுதான் என் அம்மா, அழுகையை அடக்கிக்கொண்டிருந்தவர், தன்னையறியாமல் சொன்னார்: "இவரோ? தபசுகாலத்திலையும் மீன் விடாத மனுசன்."

எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் இறைச்சிதான் விலக்கு. மீன் தாராளமாகத் தின்னலாம். அது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் என் அம்மா சொன்ன விதம் அப்படி. கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கேட்டது. அதன் கடைசியில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"அவை ஒரு இடமும் போகத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ," என்று புருசனுக்குச் சொன்னார். "அதை மட்டும் ஆருக்கும் குடுத்துவிடுங்கோ."

"ஆருக்குக் குடுக்கிறது? இந்த ஒழுங்கை முழுக்கக் கந்தசட்டி விரதம்," என்றார் வீட்டுக்காரர். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணை, ஒழுங்கைக்கு அங்காலை எங்கடை தோட்டத்திலை முந்திரிகை நிக்குது. நாங்கள் அதுக்கு மீன் தாக்கிறனாங்கள். தோட்டம் இந்த வளவுக்கை சேராது."

புத்தகத்தில் திராட்சை என்று இருப்பதைத்தான் அங்கே முந்திரிகை என்பார்கள். அதன் வேரடியில் மீனைப் புதைத்தால் நன்றாகக் காய்க்கும் என்று அழுகின மீனை வாங்கிப் போடுவதுண்டு. நெத்தலியோ சூடையோ. விடியக்காலையில் ஹெலிக்கு ஒளித்துப் பிடித்த கொடுவாயை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்பா அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தார். "மண்வெட்டி தாங்கோ," என்றார்.

நானும் கூடப் போனேன். பந்தலுக்குக் கீழே நின்று அப்பா கிடங்கு வெட்டினார். நான் வெட்டுகிறேன் என்று கேட்டதற்குத் தரவில்லை. செம்மண் அவருக்குப் புதிது. ஒரு கட்டியை எடுத்துக் கையால் உதிர்த்துப் பார்த்தார். வீட்டுக்காரர் வரம்பில் குந்தியிருந்து அவருடைய தோளையும் கையையும் பார்த்துக்கொண்டே, "வருத்தக்காரன் எண்டு மனுசி சொன்னா," என்றார்.

"ஆர்?"

"நீங்கள்தான். மாஸ்ரர் சொன்னவராம்."

அப்பா வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஓம். கொஞ்சம் வருத்தம்தான்," என்றார்.

கிடங்கு வெட்டியானதும் மீனை அப்படியே போடுவார் என்று நினைத்தேன். மடியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். வாலிலிருந்து தலைப் பக்கமாகச் செதிலைச் சுரண்டினார். செவிளை அகற்றினார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார். கறிக்குப் போடுகிற மாதிரியே துண்டு துண்டாக வெட்டினார். புதைக்கிற மீனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டுக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாகக் கிடங்குக்குள் அடுக்கி, செதிலையும் குடலையும் மேலே போட்டு மூடினார்.

வீட்டுக்காரர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அப்பா வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவினார்.

"ஏன் சொல்லேல்லை?" என்றார்.

"எங்களைத்தான் அப்பிடிச் சொல்லுறா எண்டு நினைச்சன் அப்பா. சொன்னால் நீங்கள் கோவிச்சுக்கொண்டு வரமாட்டியள் எண்டு..."

"கோவிச்சிருப்பன்தான்." மண்ணால் கையைத் தேய்த்து இன்னொருதரம் கழுவினார். "கோவிச்சாலும் வந்திருப்பன். கொம்மா எங்கை படுக்கிறது?"

அதற்கு மேல் அவர் அதைப் பற்றி எப்போதும் கேட்டதில்லை. வருத்தக்காரன் என்றதைப் பற்றியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றுவதுண்டு.

திரும்பி வந்தபோது வாசலில் வாழையிலை மாற்றியிருந்தது. செம்பில் புதுத் தண்ணீர். கிணற்றடியில் என் அம்மா துலாவைப் பிடித்து அள்ள, அந்த அம்மா பக்கத்தில் நின்று, "அப்பிடியில்லை அக்கா, கயிறைக் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தார். குருநகர்க் கிணறுகளில் துலா இல்லை. எட்டி அள்ளலாம், அள்ளினால் உப்பு. அம்மா ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அண்ணை முழுகிப்போட்டு உள்ளுக்கை போகட்டும்," என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். "மாஸ்ரரும்தான்."

அப்பாவுக்கு நானே தண்ணீர் வார்த்தேன். பன்னிரண்டு வாளி. அந்த அம்மா தூரத்தில் நின்று இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோய்ந்த சாரத்தோடு அப்பா நிறைகுடத்துக்கு முன்னால் ஒரு கணம் தயங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், சிலுவை அடையாளம் போட்டுவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் அம்மா. சாக்கு யன்னலுக்குள்ளால் வந்த வெளிச்சத்தில், பூசாத சுவரோரம் அம்மா பாயை விரித்து அதன் சுருக்கைக் காலால் நீவிவிட்டார்.

மத்தியானம் அன்று அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லி அவர்களே சாப்பாடு கொண்டுவந்தார்கள். குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, ஒரு சட்டி சொதி. வீட்டுக்காரர் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, இந்த முறை விதை வெங்காயம் எப்படி, மழை எப்படி என்று கதைத்தார். அப்பா தன் பங்குக்குச் சோளகக் காற்றைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது பாதிதான் விளங்கியிருக்கும்.

அப்பா சோற்றைப் பிசைந்தார். பால்கறியை ஒருதரம், வறையை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். அவருடைய விரல் பழக்கத்தில் முள்ளைத் தேடுவது எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா அகப்பையோடு வாசலில் நின்றார். "சொதி இன்னும் கொஞ்சம் விடட்டோ அண்ணை?"

"விடுங்கோ தங்கச்சி," என்றார் அப்பா. விட்டதை முழுவதும் குடித்தார். குடித்துவிட்டு, "நல்ல கை," என்றார்.

காயிதம் வர அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அப்பா சந்திக் கடையிலும் மீன் தின்னவில்லை, கூட்டாளிமாரின் வீட்டிலும் தின்னவில்லை.